அபிமான நடிகரின் நேரடிப் பேட்டிக்குப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேடையிலும் சின்னத்திரையிலும் நடிக்கிற ஒருவரை நாற்காலி போட்டு உட்காரவைத்து, கூட்டத்துக்கு முன்னால் பேட்டி எடுக்கிற நிகழ்ச்சிகளுக்கு நான் நாலைந்து முறை போயிருக்கிறேன். ஒருமுறை மைக்கைக் கையில் வாங்கி நன்றாகச் சொதப்பியும் இருக்கிறேன். அதற்கப்புறம் யாராவது முதல்முறை போவதாக இருந்தால் என்னிடம்தான் கேட்கிறார்கள், அதுவும் திரும்பத் திரும்ப அதே கேள்விகளை. எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைத்துவிட்டால் எனக்கும் வேலை மிச்சம்.

நேரடிப் பேட்டி என்றால் அங்கே என்னதான் நடக்கும்?

இரண்டு நாற்காலி, நடுவில் ஒரு குட்டி மேஜை, அதன்மேல் தண்ணீர். ஒருவர் கேட்பார், ஒருவர் சொல்வார். மொத்தம் ஒரு மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் என்றால், கடைசிப் பதினைந்து இருபது நிமிடம் பார்வையாளர்களின் கேள்விகளுக்கு ஒதுக்குவார்கள்.

ஆனால் எல்லாப் பேட்டியும் ஒரே மாதிரி இருக்காது, எதற்குப் போகிறோம் என்று தெரிந்துகொண்டு போவது நல்லது. பேட்டிக்காகவே நடக்கும் தனி நிகழ்ச்சி ஒரு வகை, சாவகாசமாக இருக்கும். நாடகம் முடிந்த கையோடு அதே மேடையில் நடக்கும் உரையாடல் இன்னொரு வகை. அதில் மேக்கப்பை அரைகுறையாகக் கலைத்துவிட்டு வந்து உட்காருவார்கள், அரை மணிக்குள் முடிந்துவிடும், ஆனால் நடித்த சூடு ஆறாமல் பேசுவதால் பல சமயம் அதுதான் நன்றாக இருக்கும். லண்டன் நேஷனல் தியேட்டர் இதைத் திருப்பிப்போட்டு, மாலை நாடகம் தொடங்குவதற்கு முன்னால் அதே அரங்கில் முக்கால் மணி நேரப் பேச்சு நிகழ்ச்சிகளைப் பல ஆண்டுகள் நடத்திவந்தது. மூன்றாவது வகை, தொலைக்காட்சிக்காகப் பதிவு செய்யப்படும் பேட்டி. அங்கே நீங்கள் பார்வையாளர் மட்டும் இல்லை, கொஞ்சம் வேலைக்காரரும்கூட. கைதட்டச் சொல்வார்கள், விளக்கு சரியில்லை என்று நிறுத்திவிட்டு மறுபடியும் கைதட்டச் சொல்வார்கள்.

அதான் பின்னால் காணொளியாக வந்துவிடுமே, எதற்கு நேரில் போக வேண்டும்?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

1994-இல் அமெரிக்காவில் ஆரம்பித்த ‘இன்சைட் தி ஆக்டர்ஸ் ஸ்டூடியோ’ என்ற தொடரைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். நடிப்பு படிக்கிற மாணவர்கள் முன்னால் ஜேம்ஸ் லிப்டன் நடிகர்களைப் பேட்டி எடுத்துவந்தார். அரங்கில் மணிக்கணக்காக ஓடும் உரையாடல், ஒளிபரப்பில் ஒரு மணி நேர நிகழ்ச்சியாகச் சுருங்கிவிடும், அதிலும் விளம்பரத்துக்குப் பங்கு உண்டு. மீதியெல்லாம் எங்கே போனது? நடிகர் யோசித்த இடங்கள், பாதியில் விட்டுவிட்டு வேறு பக்கம் போன கதைகள், பதில் கிடைக்காமல் போன கேள்விகள், இவையெல்லாம் வெட்டில் போயிருக்கும். அந்த அறையில் உட்கார்ந்திருந்த மாணவர்களுக்குத்தான் முழுசும் கிடைத்தது.

என் சொந்த அனுபவம் ஒன்று. ஒரு பேட்டியில், எல்லா நடிகரிடமும் எல்லாரும் கேட்கிற அந்தக் கேள்வியைக் கேட்டார்கள்: மேடைக்கும் கேமராவுக்கும் என்ன வித்தியாசம்? எனக்குச் சலிப்பு வந்துவிட்டது, கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். அவர் பதிலே சொல்லவில்லை. மேஜையிலிருந்த தண்ணீர் டம்ளரை எடுத்தார், ஒரு வாய் குடித்தார், கீழே வைத்தார். வைத்த சத்தம் கேட்டது. அப்புறம் தலையை மட்டும் திருப்பாமல் தோளோடு சேர்த்து முழு உடம்பையும் திருப்பி, “நீ கிளம்பு” என்றார். கத்தவில்லை. ஆனால் அந்த இரண்டு சொல்லும் எனக்குப் பின்னால் இருந்த சுவரில் போய் இடித்துவிட்டுத் திரும்பின. “இது மேடை” என்றார். அப்புறம் உள்ளங்கையைத் தன் முகத்துக்கு ஒரு சாண் தள்ளிப் பிடித்துக்கொண்டு, “இப்போ கேமரா இங்கே இருக்கு” என்று சொல்லிவிட்டு, அதே டம்ளர், அதே வசனம். முன்னால் இருந்த இரண்டு வரிசை மட்டும் ‘ஆ’ என்றது. நான் பதினாலாவது வரிசை. எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, அவர் உட்கார்ந்தபடி உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான். உடனே பின்வரிசைகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே, “அங்கே ஒண்ணும் வந்திருக்காதே? அதுதாங்க வித்தியாசம்” என்றார்.

பின்னால் அந்தப் பேட்டி காணொளியாக வந்தது. ஆசையாகத் தேடிப் பார்த்தேன். அந்த இரண்டாவது ‘நீ கிளம்பு’ சொல்கிற நொடியில், கேமரா பேட்டி எடுப்பவரின் முகத்தில் நின்றுகொண்டிருந்தது.

டிக்கெட் விஷயத்தில் கவனிக்க வேண்டியது?

தனி நிகழ்ச்சி என்றால் இருக்கை எண் போட்ட டிக்கெட் பெரும்பாலும் இருக்கும், பிரச்சினை இல்லை. தொலைக்காட்சிப் பதிவு என்றால் உஷார். அவற்றுக்கு அனுமதி பெரும்பாலும் இலவசம், இலவசம் என்பதால் பதிவு செய்தவர்களில் ஒரு பகுதியினர் வராமல் போவார்கள், அதைக் கணக்குப் போட்டு இருக்கைகளைவிட அதிக டிக்கெட் கொடுப்பது வழக்கம். ஆக, கையில் டிக்கெட் இருந்தாலும் உள்ளே இடம் உறுதி இல்லை, முதலில் வந்தவருக்கே முதலிடம். டிக்கெட்டில் பொடி எழுத்தில் இது அச்சடித்திருக்கும், யாரும் படிப்பதில்லை. வாசல் திறக்கும் நேரத்துக்கு ஒரு மணி முன்னால் போய் நில்லுங்கள்.

எந்த சீட் நல்ல சீட்?

முதல் வரிசைக்கு அடித்துக்கொள்கிறார்கள். மேடை உயரமாக இருந்தால் முதல் வரிசையிலிருந்து அவருடைய செருப்பு நன்றாகத் தெரியும், கழுத்து வலிக்கும். நாலாவது வரிசையிலிருந்து எட்டாவது வரை, நடுவில், எனக்குப் பிடித்த இடம். முகமும் தெரியும், உடம்பு முழுவதும் தெரியும்.

ஓரத்தில்தான் இடம் கிடைத்தது என்றால் இதைக் கவனியுங்கள். இரண்டு நாற்காலியையும் ஒன்றையொன்று பார்த்தபடி கொஞ்சம் சாய்வாகப் போடுவார்கள். அதனால் வலப்பக்க நாற்காலியில் உட்காருபவரின் முகம் அரங்கின் இடப்பக்கம் இருப்பவர்களுக்குத்தான் தெரியும். நான் ஒருமுறை வலது கோடியில் உட்கார்ந்தேன், அவரும் வலப்பக்க நாற்காலிக்கே வந்தார். ஒன்றேகால் மணி நேரம் அவருடைய காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழகான காதுதான், இருந்தாலும்.

போவதற்கு முன் ஏதாவது தயார் செய்ய வேண்டுமா?

அவர் நடித்த தொடரை நாலாவது தடவை பார்க்க வேண்டாம், அது உங்களுக்குத் தலைகீழாகத் தெரியும். அதற்குப் பதிலாக அவர் மேடையில் என்ன செய்தார் என்று தேடுங்கள். நம்மில் பெரும்பாலோருக்கு அவரைச் சின்னத்திரை வழியாகத்தான் தெரியும், ஆனால் அவர் தன்னை வளர்த்துக்கொண்ட இடம் மேடையாக இருக்கும். எந்தக் குழுவில் இருந்தார், என்ன வேடங்கள், முதலில் திரைக்குப் பின்னால் விளக்குப் போட்டுக்கொண்டிருந்தாரா, யாருக்காவது மாற்று நடிகராக ஓரத்தில் காத்துக்கொண்டிருந்தாரா. இவ்வளவு தெரிந்தால் போதும், பேட்டியில் பாதி விஷயங்கள் புரிய ஆரம்பித்துவிடும்.

அப்புறம், சமீபத்தில் அவர் கொடுத்த இரண்டு மூன்று பேட்டிகளைப் பார்த்துவிட்டுப் போங்கள். நாடகமோ தொடரோ வெளிவருகிற நேரத்தில் ஒரே வாரத்தில் பத்துப் பேர் அவரிடம் அதே பத்துக் கேள்விகளைக் கேட்டிருப்பார்கள். பதினொன்றாவது ஆள் நீங்களாக இருக்க வேண்டாம்.

பார்வையாளர் நேரத்தில் நல்ல கேள்வி கேட்பது எப்படி?

சொதப்பிய கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். மைக் என் கைக்கு வந்தது. “வணக்கம் சார், நான் உங்க பெரிய ரசிகர்” என்று ஆரம்பித்தேன். எப்போதிலிருந்து ரசிகர் என்று சொன்னேன். எந்தெந்தத் தொடர் பார்த்தேன் என்று சொன்னேன். என் அம்மாவுக்கும் அவரைப் பிடிக்கும் என்று சொன்னேன். அதில் ஒரு காட்சியை விவரித்தேன், அவர் நடித்த காட்சியை அவருக்கே. இதற்குள் இரண்டு நிமிடம் போய்விட்டது. பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள், அந்தச் சத்தத்தில் என் கேள்வி காணாமல் போய்விட்டது. “அது பற்றி... நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?” என்று முடித்தேன். எது பற்றி? எனக்கே தெரியாது. அவர் பெரிய மனுஷர், “ரொம்ப நன்றி, அம்மாவைக் கேட்டதாகச் சொல்லுங்க” என்று காப்பாற்றிவிட்டார்.

அதற்கப்புறம் மற்றவர்கள் கேட்பதைக் கவனிக்க ஆரம்பித்தேன். நல்ல பதில் வாங்குகிற கேள்விகள் எல்லாம் சின்னவையாக இருக்கின்றன. ‘நடிப்பு என்றால் என்ன’ என்று கேட்டால் நடிகர் உடனே தயார்நிலைப் பேச்சுக்குப் போய்விடுவார், நூறு தடவை சொன்னது, நாக்கு தானாகச் சொல்லும். ‘மேடையில் வசனம் மறந்துபோனால் முதல் விநாடியில் என்ன செய்வீர்கள்’ என்று கேட்டால், அவர் யோசிக்க வேண்டியிருக்கும். அவர் யோசிக்கிற அந்த நேரம் இருக்கிறதே, அதுதான் நீங்கள் கொடுத்த காசுக்கு வருமானம்.

வேலையைப் பற்றிக் கேளுங்கள், கையால் தொடுகிற மாதிரியான வேலையை. தொடரில் காட்சிகளை வரிசைப்படி எடுப்பதில்லை, சாவு வீட்டுக் காட்சியைக் காலையிலும் அதற்கு முந்தைய கல்யாணக் காட்சியை மதியத்திலும் எடுப்பார்கள். அப்போது எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதை எப்படி ஞாபகம் வைத்துக்கொள்கிறார்? மேடையில் கூட்டம் சிரித்தால், சிரிப்பு அடங்குகிற வரைக்கும் அடுத்த வசனத்தைப் பிடித்துவைத்திருக்க வேண்டும். கேமரா முன்னால் யாரும் சிரிப்பதில்லை, எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று எதை வைத்து முடிவு செய்கிறார்? ஒரே நாடகத்தை நூறாவது தடவை ஆடும்போது, சக நடிகர் சொல்கிற செய்தியை முதல் தடவை கேட்பது போல எப்படிக் கேட்கிறார்? இந்த மாதிரி. ஒரு விஷயம், ஒரு கேள்வி. ‘இரண்டு கேள்வி இருக்கு சார்’ என்று ஆரம்பிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும், இரண்டுக்கும் பதில் வராது.

கேள்வியைத் துண்டுச்சீட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட வேண்டாம், பார்த்தே படியுங்கள். பாராட்டு சொல்லத்தான் வேண்டும் என்றால் ஒரே வாக்கியம்.

மைக்கை எப்படிப் பிடிப்பது? இதெல்லாம் ஒரு கேள்வியா?

இதுதான் முக்கியமான கேள்வி. வாய்க்கு நாலு விரல் தூரத்தில், தாடைக்குக் கொஞ்சம் கீழே. பெரும்பாலோர் பதற்றத்தில் மார்புக்கு நேராக, ஐஸ்கிரீம் பிடிப்பது போலப் பிடிக்கிறார்கள், ஒன்றும் கேட்காது. விரலால் தட்டிப் பார்க்கவோ ஊதிப் பார்க்கவோ வேண்டாம். மைக் வருவதற்கு முன்னால் “எனக்குச் சத்தமா பேச வரும்” என்று ஆரம்பித்துவிடாதீர்கள். முன்னால் இருப்பவருக்குக் கேட்கலாம், பதிவில் இருக்காது, காதொலிக்கருவி வைத்திருப்பவருக்கும் போய்ச் சேராது. கேட்டு முடித்ததும் மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கையில் இருந்தால் தொடர்ந்து பேசத் தோன்றும்.

எதையெல்லாம் கேட்கக் கூடாது?

சம்பளம், கல்யாணம், விவாகரத்து, உடல் எடை. இவற்றை அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். தொடரின் அடுத்த பருவத்தில் என்ன நடக்கும் என்று கேட்பதும் வீண், ஒப்பந்தப்படி அவர் வாயைத் திறக்க முடியாது, நெளிவார், மேடையில் ஒரு நிமிடம் வீணாகும். ‘என்னிடம் ஒரு கதை இருக்கு’ என்பது கேள்வியே இல்லை. கூட நடித்தவரில் யாரைப் பிடிக்காது என்று கேட்பவர்களும் உண்டு. அவர் சொல்வார் என்று நிஜமாகவே நம்புகிறார்களா?

பாத்திரத்தின் பெயரைச் சொல்லிக் கூப்பிடலாமா?

அவர் திரும்பிப் பார்ப்பார், பழக்கம். ஆனாலும் வேண்டாம்.

இதில் ரசிகர்களைக் குறை சொல்லவும் எனக்கு மனசு வரவில்லை. தினமும் வீட்டுக்கு வந்துபோகிற முகம் அது. சாப்பிடும்போது எதிரில் இருக்கிறது, அழும்போது நெருங்கி வந்து அழுகிறது. நிஜத்தில் அத்தனை பக்கத்தில் ஒருவர் முகத்தை நாம் பார்ப்பது குடும்பத்துக்குள் மட்டும்தான். டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1956-லேயே இதைப் பற்றி எழுதிவிட்டார்கள். தொலைக்காட்சியிலும் வானொலியிலும் வருபவர்களோடு நமக்கு நெருங்கிய உறவு இருப்பது போல ஒரு உணர்வு வளரும், அது ஒரு பக்க உறவு, அந்தப் பக்கத்தில் இருப்பவருக்கு நம்மைத் தெரியாது என்றார்கள். தொலைக்காட்சி வீடுகளுக்குள் வர ஆரம்பித்துக் கொஞ்ச காலமே ஆகியிருந்தபோது எழுதியது!

நேரடிப் பேட்டியில் இந்தக் குழப்பம் ஒரு படி ஏறும், ஏனென்றால் ஆள் நிஜமாகவே எதிரில் இருக்கிறார். தொடரில் வில்லியாக வருபவரிடம் “ஏம்மா அந்தப் பொண்ணை அப்படிப் படுத்தறே?” என்று ஒரு பெரியவர் எழுந்து கேட்டதை நான் பார்த்தேன். அரங்கம் சிரித்தது. அந்த நடிகை மட்டும் சிரிக்கவில்லை, “அவளுக்கு வேற வழி தெரியலை ஐயா” என்றார், பாத்திரத்தின் பக்கம் நின்று. அன்றைய பேட்டியிலேயே நல்ல பதில் அதுதான் என்று நினைக்கிறேன். ஆக, என் விதி சில சமயம் தோற்றும் போகும்.

போட்டோ, வீடியோ எடுக்கலாமா?

தொடக்கத்தில் அறிவிப்பார்கள், அதன்படி நடங்கள். முதல் சில நிமிடங்கள் மட்டும் படம் எடுக்க விடுவதும் உண்டு, முழுக்கத் தடையும் உண்டு. இருட்டு அரங்கில் போன் திரையின் வெளிச்சம் மேடையிலிருந்து பார்ப்பவருக்கு நன்றாகத் தெரியும், மேடை நடிகர்களுக்கு அது பிடிக்கவே பிடிக்காது. எடுப்பதாக இருந்தால் இரண்டு படம், ஃபிளாஷ் இல்லாமல், அப்புறம் பைக்குள் போட்டுவிடுங்கள். நான் எடுத்த படங்களில் எல்லாம் ஒரு மங்கலான நாற்காலியும் ஒரு வெள்ளைப் புள்ளியும்தான் இருக்கின்றன.

ஆட்டோகிராஃப், செல்ஃபி?

வழவழப்பான போட்டோவில் சாதாரணப் பால்பாயிண்ட் எழுதாது, வழுக்கும். அழியாத மை மார்க்கர் கொண்டுபோங்கள். படம் இருட்டாக இருந்தால் வெள்ளி நிற மார்க்கர். மூடியைக் கழற்றித் தயாராக வைத்திருங்கள், கையெழுத்து ஆனதும் உடனே மடித்துவிடாதீர்கள், மை இழுவிவிடும். நான் வாங்கிய முதல் கையெழுத்து என் கட்டைவிரலில்தான் நன்றாக விழுந்தது.

இருநூறு பேர் வரிசையில் இருந்தால் ஆளுக்கு அரை நிமிடம் என்றாலும் ஒரு மணி நாற்பது நிமிடம் ஆகிறது, கணக்குப் போட்டுப் பாருங்கள். அதனால்தான் ஏற்பாட்டாளர்கள் கையெழுத்து மட்டும், செல்ஃபி கிடையாது என்பார்கள். வாசலில் அவரைப் பிடிக்கலாம் என்று பின்பக்கக் கதவில் காத்திருப்பவர்கள் உண்டு. நின்றால் நிற்கலாம், அவர் கையசைத்துவிட்டுப் போனால் கோபித்துக்கொள்ளக் கூடாது. டிக்கெட்டுக்கு உள்ளடங்கியது பேட்டி மட்டும்தான்.

பரிசு கொடுக்கலாமா?

கடிதம் கொடுங்கள். பெரிய பொம்மையெல்லாம் அவர் எப்படித் தூக்கிக்கொண்டு போவார்?

அவர் சோர்வாகவே இருந்தாரே, நம்மைப் பிடிக்கவில்லையோ?

உங்களால் இல்லை. அப்போது அவர் நாடகம் ஆடிக்கொண்டிருந்தாரா என்று பாருங்கள். நியூயார்க் பிராட்வேயில் வாரத்துக்கு எட்டு காட்சி என்பது நடைமுறை, இரண்டு நாள் மதியமும் இரவும் சேர்த்து. பெரும்பாலான நாடகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை. அப்படிப்பட்டவர் பேட்டிக்கு வருகிறார் என்றால் தன்னுடைய ஒரே ஓய்வு நாளிலோ, ஒரு காட்சி முடிந்த பிறகோதான் வந்திருப்பார். தொண்டையைக் காப்பாற்ற அவர்கள் பேச்சையே குறைத்துக்கொள்கிற நாட்கள் உண்டு. மெல்லிய குரலில் பேசினால் அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், நாளைய காட்சிக்குக் குரலைச் சேமிக்கிறார்.

பேட்டி எடுப்பவரே எல்லாவற்றையும் பேசிவிட்டால்?

அனுபவிக்க வேண்டியதுதான். சிலர் கையில் வைத்திருக்கும் தாளை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார்கள். நடிகர் ‘அப்போதான் என் அப்பா இறந்துபோனார்’ என்பார், இவர் ‘அருமை, அடுத்த கேள்வி’ என்பார். லிப்டனிடமும் கேள்வி எழுதிய நீல அட்டைகள் கட்டுக் கட்டாக இருக்கும், பிரெஞ்சுத் தொகுப்பாளர் பெர்னார் பிவோவிடமிருந்து எடுத்துக்கொண்ட பத்துக் கேள்விகளை எல்லாரிடமும் ஒரே மாதிரி கேட்பார், கேலியும் செய்தார்கள். ஆனால் அட்டை இருப்பது தப்பில்லை, பதிலைக் கேட்காமல் அட்டையைப் பார்ப்பதுதான் தப்பு. இப்படி நடந்தால் பார்வையாளர் நேரத்தில் உங்களுக்கு நல்ல வாய்ப்பு: பாதியில் விட்டுப்போன கதையை ஞாபகம் வைத்துக்கொண்டு, ‘அதைச் சொல்லிக்கொண்டிருந்தீர்களே, அப்புறம் என்ன ஆனது?’ என்று கேளுங்கள். அதைவிட நல்ல கேள்வியை யாரும் தயார் செய்துகொண்டு வர முடியாது.

பேட்டி எடுப்பவரே இல்லாமலும் நடத்துவார்களா?

நடத்துவார்கள், அதற்குத் தெம்பு வேண்டும். ஆங்கில நடிகர் இயன் மெக்கெல்லன் தன் 80 வயது நிறைவை ஒட்டி 2019-இல் 80 அரங்குகளுக்குத் தனியாளாகப் போனார். இரண்டாம் பாதியில் ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பெயர்களைப் பார்வையாளர்களையே சொல்லச் சொல்லி, சொன்ன ஒவ்வொன்றையும் பற்றிப் பேசுவார், சிலவற்றை நடித்தும் காட்டுவார். முடிந்ததும் வாசலில் வாளியோடு நின்று அரங்கக் கலைக்காக நன்கொடை வசூலிப்பார். கையெழுத்து வரிசையைவிட இது எனக்கு எவ்வளவோ மேலாகத் தெரிகிறது.

காது சரியாகக் கேட்காதவர்கள் போகலாமா?

தாராளமாக. முன்கூட்டியே அரங்கத்துக்கு எழுதிக் கேளுங்கள், சைகைமொழிபெயர்ப்பாளரோ திரையில் ஓடும் எழுத்துவரியோ எந்த நாளில் இருக்கிறது என்று சொல்வார்கள். பல அரங்குகளில் காதொலிக்கருவிக்கு நேரடியாக ஒலியை அனுப்பும் தூண்டல் சுருள் வசதி உண்டு. கருவியை ‘டி’ நிலைக்கு மாற்றினால் மேடை மைக்கின் ஒலி கூட்டத்தின் இரைச்சல் இல்லாமல் காதுக்கு வரும். அரங்கின் சில பகுதிகளில் மட்டும் வேலை செய்யலாம், ஆகவே டிக்கெட் எடுக்கும்போதே எந்த இருக்கைகள் என்று கேட்டுவிடுங்கள்.

குழந்தைகளைக் கூட்டிப் போகலாமா?

தொடரில் சிரிக்கவைத்தவர் இங்கே ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஒத்திகையைப் பற்றிப் பேசுவார். பத்து வயதுக்குக் கீழே என்றால் பாவம், விட்டுவிடுங்கள்.

தனியாகப் போகலாமா?

போகலாம். நான் போன நல்ல பேட்டிகள் எல்லாம் தனியாகப் போனவைதான். பக்கத்து இருக்கைக்காரரிடம் பேச விஷயம் தயாராகவே இருக்கிறது.

கடைசி நேரத்தில் அவர் வரவில்லை என்றால்?

நடக்கும். படப்பிடிப்பு நீண்டுவிடும், உடம்புக்கு முடியாமல் போகும். நிகழ்ச்சியே ரத்து என்றால் பணம் திரும்ப வரும் அல்லது வேறு தேதி தருவார்கள். ஆளை மட்டும் மாற்றினால் பணம் திரும்பக் கிடைக்குமா என்பது டிக்கெட் விதியில் இருக்கும், ‘நிகழ்ச்சியில் மாற்றம் செய்ய உரிமை உண்டு’ என்ற வரியைத் தேடுங்கள். எனக்கு ஒருமுறை அவருக்குப் பதில் அதே நாடகத்தின் மேடை மேலாளரை உட்காரவைத்தார்கள். முனகிக்கொண்டே உட்கார்ந்தேன். எந்த நடிகர் எந்தக் காட்சிக்கு முன்னால் திரை ஓரத்தில் என்ன செய்துகொண்டு நிற்பார் என்று அந்த மனுஷன் சொன்னதை எந்த நடிகரும் சொல்லியிருக்க முடியாது.

நேரில் பார்த்ததும் ஏமாற்றமாகிவிட்டால்?

வசனம் எழுதிக் கொடுக்க ஆள் இல்லாமல் பேசுகிறார், அதை நினைவில் வையுங்கள். திரையில் பட்பட்டென்று பதில் சொல்பவர் நேரில் திக்கித் திக்கிப் பேசலாம், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நாற்காலியைத் தடவிக்கொண்டிருக்கலாம். கூச்சத்தால் நடிப்புக்கு வந்தவர்கள் நிறையப் பேர். எனக்கு ஏமாற்றம் வந்தது வேறு விதமாக: ஒருவர் மிக நன்றாகப் பேசினார், ஒவ்வொரு கதையும் சரியான இடத்தில் சிரிப்பு வாங்கியது. இரண்டு வருஷம் கழித்து வேறொரு பேட்டிக்குப் போனேன், அதே கதைகள், அதே இடத்தில் அதே இடைவெளி. நடிப்புதான், நல்ல நடிப்பு. அன்று எனக்கு வேண்டியிருந்தது அது இல்லை.

அடுத்து எப்போது போகிறீர்கள்?

அடுத்த மாதம். டிக்கெட் எடுத்தாச்சு, ஓரத்தில்தான் கிடைத்தது, இந்த முறை இடப்பக்கம். அவர் இடப்பக்க நாற்காலியில் உட்கார்ந்துவிட்டால் மறுபடியும் காதுதான்.